ஒன்பது குண்டங்களும் ஒரே கயிறும்

மேசன் முத்துவீரனுக்குக் கோபம் வந்தால் சத்தம் போடமாட்டார். சாந்துக் கரண்டியை எடுத்துக்கொண்டு தண்ணீர் கொட்டுகிற பீலியடிக்குப் போய்க் கழுவுவார். கழுவிய கரண்டியையே மறுபடியும் கழுவுவார். கும்பாபிஷேகம் நடந்த அந்த மாசி மாதத்தில் அவருடைய கரண்டி கடையிலிருந்து அன்றுதான் வாங்கி வந்தது போல மின்னியது என்று தோட்டத்தில் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அவருக்கு மட்டும் அதில் சிரிப்பு வருவதில்லை.

தெரணியகலையிலிருந்து ஏறுகிற பஸ் கடைசியாகத் திரும்பும் இடத்துக்கும் மேலே, ரப்பர் முடிந்து தேயிலை தொடங்கும் சரிவில் இருக்கிறது அந்தத் தோட்டம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயம் மொத்தம் ஒன்பது. உச்சியில் இருப்பது மேட்டு லயம். ஆற்றை ஒட்டி, மழைக்கு முற்றம் சேறாகிற இடத்தில் இருப்பது அடி லயம். முத்துவீரன் அடி லயத்துக்காரர். ஐம்பத்து நான்கு வயது. வெள்ளிக்கிழமை தவறாமல் மாரியம்மனுக்கு விளக்கு வைப்பவர். யாரையும் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அதனாலேயே எல்லாருடைய கடிந்த பேச்சும் அவர் தலையில் வந்து விழும்.

அவர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அந்தக் காலத்தில் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஒரே கூரைக்குக் கீழே ஐந்து வகுப்பு, ஒரே மாஸ்டர். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தத்தில் நாலாம் வகுப்புக் கணக்குக் காதில் விழாது. சுவரில் சுண்ணாம்புக்கு மேலே வடிவங்கள் வரைந்திருந்தார்கள். சதுரம் நீலம், முக்கோணம் சிவப்பு, வட்டம் மஞ்சள். பெயரைச் சொல்லத் தெரிந்தால் போதும். ஒரு வடிவத்துக்கு உள்ளே எவ்வளவு இடம் இருக்கிறது என்று பார்க்கிற கணக்கு மேல் வகுப்பில் வரும் என்று மாஸ்டர் சொல்லிவிட்டார். மேல் வகுப்பு டவுனில் இருந்தது. அப்பா ரப்பர் மலையில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்த வருடம் அது. முத்துவீரன் டவுனுக்குப் போனார், பள்ளிக்கூடத்துக்கு அல்ல. சோமபால பாஸ் என்ற சிங்கள மேசனுக்குக் கையாளாகச் சாந்து சுமக்க.

சோமபால பாஸ் நல்ல மனிதர். மூலைமட்டம், தூக்குக்குண்டு எல்லாம் அவர் கையில் பழகியதுதான். கயிற்றில் மூன்று, நான்கு, ஐந்து என்று முடிச்சுப் போட்டு இழுத்தால் சுவருக்குச் சரியான மூலை விழும் என்று அவர்தான் காட்டிக்கொடுத்தார். அது ஏன் விழுகிறது என்று பையனாயிருந்த முத்துவீரன் ஒரு முறை கேட்டார். "எய் கியலா அஹன்ன எபா. ஹரியட்ட எனவா" என்றார் பாஸ். ஏனென்று கேட்காதே, சரியாக வரும். அது சரியாகத்தான் வந்தது, நாற்பது வருடத்துக்கும் மேலாக. ஆனால் ஏன் என்பது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி உள்ளே கிடந்தது.

கணக்கு அந்த வீட்டுக்கு ஒரு பகையாளி என்றே மனைவி விஜயகலா சொல்லுவாள். மகள் ஷாமிளா சாதாரண தரப் பரீட்சையில் மற்றப் பாடமெல்லாம் பாஸ், கணக்கில் மட்டும் இரண்டு முறை விழுந்தாள். தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு அதற்குள் மேல் வகுப்பு வந்திருந்தது, ஆனால் அவள் அதில் படித்த மூன்று வருடமும் கணக்குக்கு ஆளில்லை. சமய பாடம் எடுக்கிற டீச்சரே கணக்கு நேரத்தில் தேவாரம் பாட விட்டார். இப்போது அவள் கொழும்பில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். அவள் போன பிறகுதான் வடக்கிலிருந்து மதுஷா டீச்சர் கணக்குக்கென்றே வந்து சேர்ந்தார். முத்துவீரன் அம்மனிடம் இதைப் பற்றி ஒன்றும் முறையிட்டதில்லை. கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்விகளில் அதுவும் ஒன்று.

கும்பாபிஷேகம் பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்தது. டவுன் கோயிலிலிருந்து ஏரம்பமூர்த்திக் குருக்கள் வந்து, யாகசாலைக்கு நவகுண்டம் வைக்க வேண்டும் என்றார். கிழக்கே சதுரம், தென்கிழக்கே அரசிலை, தெற்கே பிறை, தென்மேற்கே முக்கோணம், மேற்கே வட்டம், வடமேற்கே அறுகோணம், வடக்கே தாமரை, வடகிழக்கே எண்கோணம், அதற்குப் பக்கத்தில் பிரதான குண்டம், அதுவும் சதுரம். மணலில் விரலால் ஒவ்வொன்றையும் கீறிக் காட்டினார். கிழக்குச் சதுரம் பக்கத்துக்கு இரண்டு அடி. மற்ற எட்டும் அந்தச் சதுரம் கொள்ளுகிற அளவே உள்ளே கொள்ள வேண்டும், கூடவும் கூடாது குறையவும் கூடாது. எல்லாம் ஒரே தாய்க்கு ஊட்டுகிற வாய், ஒரு வாய் பெரிசு ஒரு வாய் சிறிசு ஆகாது என்றார். முத்துவீரனுக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடித்துப்போனது. இவ்வளவு வடிவத்தை அவர் வாழ்க்கையில் கட்டியதில்லை. கட்டியதெல்லாம் சதுரமான கக்கூசும் நீளமான சுவரும்தான்.

ஒன்பது குண்டம், ஒன்பது லயம். லயத்துக்கு ஒரு குண்டம் என்று கோயில் கமிட்டி முடிவு செய்தது. கமிட்டித் தலைவர், தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை நாகலிங்கம், மேட்டு லயத்துக்காரர். தோட்டத்தில் எதைப் பங்கு வைத்தாலும் சண்டை வரும். தண்ணீர்க் குழாய் போட்டபோது மேட்டு லயத்துக்கு இரண்டு, அடி லயத்துக்கு ஒன்று என்று போய், மூன்று வருடம் ஒருவருக்கொருவர் கல்யாணத்துக்குப் போகவில்லை. அதனால் இந்த முறை லயத்துக்கு எண்பது கல், ஒன்று கூடாது ஒன்று குறையாது என்று நாகலிங்கம் அறிவித்தார். யாருக்கு எந்த வடிவம் என்று அம்மன் முன்னால் சீட்டுப் போட்டார்கள். மேட்டு லயத்துக்கு வட்டம். அடி லயத்துக்கு முக்கோணம்.

இங்கேதான் தவறு நடந்தது. ஆனால் அது தவறு என்று அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை. முத்துவீரன் சதுரத்தைச் சுற்றி ஒரு கயிறு பிடித்தார். எட்டு அடி வந்தது. அந்த எட்டு அடிக் கயிற்றை முடிச்சுப் போட்டு வளையமாக்கி, அதையே முளை அடித்து முக்கோணமாக இழுத்தார், வட்டமாக வைத்தார், ஆறு மூலையாக, எட்டு மூலையாக மடக்கினார். தாமரைக்கு மட்டும் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டார். சுற்றளவு ஒன்றென்றால் சுற்றிவருகிற கல்லும் ஒன்று. கல் ஒன்றென்றால் உள்ளே கொள்வதும் ஒன்றுதானே. ஒரே பாயை எப்படி மடித்தாலும் அதே பாய்தான். கமிட்டியும் அப்படித்தான் நினைத்தது, கல் சுமந்த பெண்களும் அப்படித்தான் நினைத்தார்கள். குண்டத்து விளிம்பைச் சுற்றி மேகலை மூன்று படியும் வைத்து, வெள்ளை, சிவப்பு, கறுப்புப் பூச இடம் விட்டு அவர் எழுந்து நின்றபோது, யாகசாலை அம்மனுடைய ஆபரணப் பெட்டியைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பாட்டை ரசித்துச் சாப்பிட்டார் என்று விஜயகலா சொல்கிறாள். அதற்குப் பிறகு பத்து நாள் அவர் என்ன சாப்பிட்டார் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் ஆற்று மணல் பரப்பும் நாள். அதிலும் நியாயம் தவறக் கூடாதென்று, ஒவ்வொரு லயத்துப் பெண்களும் ரப்பர் பால் எடுக்கிற வாளியால் ஒரே கணக்கில் மணல் கொண்டுவந்து தங்கள் குண்டத்தில் கொட்டினார்கள். குலவை போட்டுக்கொண்டுதான் கொட்டினார்கள். கொட்டி முடித்துப் பார்த்தால், மேட்டு லயத்து வட்டத்தில் மணல் பாதிக்குச் சற்று மேலேதான் கிடக்கிறது. அடி லயத்து முக்கோணத்தில் விளிம்புவரைக்கும் ஏறி, மூலையில் வழிகிறது.

குலவை நின்றது.

முத்துவீரனின் அண்ணன் மனைவி கருப்பாயி முக்கோணத்தின் ஓரத்தில் குந்தி, வழிந்த மணலை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தாள். அறுபது வயதிலும் கொழுந்துக் கூடையை மற்றவர்களுக்கு முன்னால் நிரப்புகிறவள். வாயும் அந்த வேகந்தான்.

"கொழுந்தனாரே," என்றாள், "எம்பது கல்லு குடுத்தோம். எங்க வச்சீங்க?"

எல்லாம் இங்கேதான் இருக்கிறது மதினி, எண்ணிப் பாருங்கள் என்றார் அவர். எண்ணினார்கள். எல்லாக் குண்டத்திலும் எண்பதுதான் இருந்தது. அது இன்னும் மோசமாகப் போயிற்று. கல் குறைந்திருந்தால் திருட்டு என்று சொல்லி விடலாம். கல்லும் சரி, குண்டம் மட்டும் சின்னது என்றால் அது கட்டினவன் செய்த வேலைதானே. மேட்டு லயத்தானுக்குப் பெரிசாகவும் சொந்த லயத்துக்குச் சின்னதாகவும் கட்டிக் கணக்கப்பிள்ளையிடம் நல்ல பெயர் வாங்கப் பார்த்தார் என்று அடி லயத்தில் பேச்சுக் கிளம்பியது. மற்ற லயத்துக்காரர்கள் வேறு மாதிரிப் பேசினார்கள். அடி லயத்தான்தானே, அவன் லயத்துக்கே ஒழுங்காகக் கட்டத் தெரியவில்லை என்றார்கள். இரண்டு பக்கத்துப் பேச்சும் ஒரே தண்ணீர்ப் பீலியில்தான் வந்து சேர்ந்தது. அங்கே முத்துவீரன் கரண்டி கழுவிக்கொண்டிருந்தார்.

சாயங்காலம் அடி லயத்தார் கூடி ஒரு முடிவு சொல்லி அனுப்பினார்கள். தங்கள் குண்டம் மற்றவர்களுடைய குண்டத்துக்குச் சமமாகாத வரையில் அடி லயத்திலிருந்து ஒரு ஆள்கூடக் கும்பாபிஷேகத்துக்கு வராது. முளைப்பாலிகை எடுக்கவும் வராது, பால்குடமும் வராது. முத்துவீரன் அந்தச் செய்தியைத் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டார். சொல்ல வந்தவர்கள் அவருடைய சொந்த அண்ணன் பிள்ளைகள்.

குருக்கள் மறுநாள் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். வட்டத்தைப் பார்த்தார், முக்கோணத்தைப் பார்த்தார், மணலைப் பார்த்தார். "உது சரிவராது பாருங்கோ. ஒண்டு மற்றதைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு மாதிரிக் கிடக்குது. உப்பிடி நான் அக்கினி வளர்க்க ஏலாது" என்றார். எவ்வளவு கூட்ட வேண்டும் என்று முத்துவீரன் கேட்டார். குருக்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தன்னுடைய தகப்பனார் கயிறு போட்டுக் கணக்காகப் பிடிப்பார் என்றும், தான் நடத்திய யாகசாலைகளுக்கெல்லாம் ஆயத்தமாகச் செய்த தகரக் குண்டம் வாடகைக்கு வந்துவிடும் என்றும், தனக்கு மந்திரம் தெரியுமே தவிர இந்த அளவு தெரியாதென்றும் ஒளிக்காமல் சொன்னார். நல்ல மனிதர், அதனால் அவர்மேல் கோபப்படவும் வழியில்லை.

சுலபமான வழி ஒன்று இருந்தது. வட்டத்தைச் சுருக்கிவிடலாம். அதைச் சொன்னதுமே மேட்டு லயத்துப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மனுக்கென்று தலையில் சுமந்து வந்து வைத்த கல்லைத் திருப்பி எடுப்பதா. எடுத்த கல்லை எந்த வீட்டில் வைப்பது. வைத்த வீட்டில் என்ன நடக்கும். குருக்களும் அதை ஒத்துக்கொண்டார். சதுரம் இரண்டு அடியைவிடப் பெரிசானால் தோஷமில்லை, கொடுத்ததைக் குறைக்க வேண்டாம், மற்ற எட்டையும் வட்டத்துக்குச் சமமாகக் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

எவ்வளவு பெரிசாக்குவது என்று முத்துவீரனுக்குத் தெரியவில்லை. கண்ணால் குத்துமதிப்பாக முக்கோணத்தைப் பிரித்துக் கட்டினார், மணல் கொட்டினார், போதவில்லை. மறுபடி பிரித்தார், கட்டினார், கூடிப்போனது. மூன்றாம் தரம் கட்டியபோது, யாகசாலைக்குக் கூரைத் தகரம் போடுமுன்பே சப்பிரகமுவையின் மழை வந்து, மண் சாந்தைக் கரைத்து ஓடையில் விட்டது. அடி லயத்துப் பெண்கள் தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். ஒருத்தியும் ஒரு குடையைக்கூடக் கொண்டுவந்து பிடிக்கவில்லை.

அதன் பிறகுதான் அவர் வெட்கத்தை விட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். ஐம்பத்து நான்கு வயதில், சாணமும் சேறும் ஒட்டிய காலோடு, பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு. சுவரில் வடிவம் எதுவும் இல்லை, சுவரே புதுசு.

மதுஷா டீச்சருக்கு அவருடைய மகளின் வயதைவிடக் கொஞ்சம் கூட இருக்கும். முத்துவீரன் சொன்னதையெல்லாம் கேட்டு, கரும்பலகையில் முக்கோணமும் வட்டமும் போட்டு, போனில் தட்டிப் பார்த்தார். "ஒரே கயிறு எண்டாலும் உள்ள இடம் ஒண்டா வராது ஐயா. வட்டம்தான் எல்லாத்திலும் கூடக் கொள்ளும். முக்கோணம் குறையக் கொள்ளும்" என்றார். எட்டு அடிக் கயிற்று வட்டத்துக்குச் சமமாக வர, முக்கோணத்துக்குப் பத்து அடியும் மூன்றரை அங்குலமும் கயிறு வேண்டும். சதுரத்துக்கு ஒன்பது அடியும் கொஞ்சமும். மற்றவற்றுக்கும் ஒவ்வொரு கணக்குச் சொன்னார். தாமரைக்கு இதழை வெட்டிப் பார்க்க வேண்டும், நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.

அவ்வளவோடு விட்டிருக்கலாம். ஆனால் டீச்சருக்கு அது பிடித்த விஷயம்போல, முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. உங்களுக்கு வந்த இதே தொல்லை மூவாயிரம் வருடத்துக்கு முன்னேயே வந்திருக்கிறது ஐயா என்றார். வேதகாலத்தில் இந்தியாவில் அக்கினி வளர்த்தவர்கள், சதுர மேடையும் வட்ட மேடையும் ஒரே இடம் கொள்ள வேண்டும் என்று கயிறும் முளையும் வைத்து விதி கட்டினார்களாம். அந்த மூன்று, நான்கு, ஐந்து முடிச்சு மாதிரிக் கயிற்றுக் கணக்கெல்லாம் அவர்களுக்கும் தெரிந்திருந்ததாம். பிறகு கிரேக்கத்தில் பார்த்தார்களாம், அரபு தேசத்தில் பார்த்தார்களாம். எல்லாரும் கிட்டக் கிட்ட வந்தார்களாம். மயிரிழை பிசகாமல் வரவில்லையாம். கடைசியில் நூற்று நாற்பது வருடத்துக்கு முன்னேதான் ஒரு ஜெர்மன்காரர், கயிறும் முளையும் மட்டும் வைத்து வட்டத்தைச் சரி சமமான சதுரமாக்கவே ஏலாது என்று நிரூபித்துக் காட்டினாராம்.

முத்துவீரன் பிள்ளைகளின் சின்ன வாங்கில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். ஒரு பெரிய விஷயத்தைக் கேட்கிறோம் என்று அவருக்குத் தெரிந்தது. வேறொரு நாளாக இருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பார்.

"ஏலாதுன்னு தெரிஞ்சிருச்சுன்னா டீச்சர்," என்றார், "அத எங்க தோட்டத்துக்கு ஒரு ஆளும் வந்து சொல்லலையே."

டீச்சர் சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைத்தார். மணலுக்கும் கல்லுக்கும் கிட்ட வந்தாலே போதும் ஐயா, குருக்கள் மயிரிழை பார்க்கமாட்டார் என்றார். வாசல்வரை வந்து, பழைய பதிவேட்டில் இருக்கிற ஷாமிளா உங்கட மகளோ, அந்தப் பிள்ளை இன்னொருக்கா எழுதலாமே என்று கேட்டார். அவர் தலையாட்டிவிட்டு நடந்தார். மூன்று வருடம் முந்தி வந்திருக்கலாமே தாயே என்று நெஞ்சுக்குள் ஒரு வார்த்தை எழும்பியது. நல்ல மனசோடு சொல்லித்தந்த பிள்ளையை நினைத்து அதை விழுங்கிக்கொண்டார்.

கணக்குக் கிடைத்துவிட்டது. இப்போது வேறு தொல்லை. முக்கோணம் பெரிசாக வேண்டுமானால் அடி லயத்துக்கு எண்பது கல் போதாது. நூற்றுச் சொச்சம் வேண்டும். லயத்துக்கு எண்பதுதான் என்று சத்தியம் பண்ணியிருக்கிறார்கள். குண்டம் சமமானால் கல் சமமில்லை. கல் சமமானால் குண்டம் சமமில்லை. இதை எப்படிச் சொன்னாலும் உதை அவருக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் முற்றத்தில் எல்லாரையும் கூப்பிட்டார். பேச எழுந்தவருக்குப் பேச்சு வரவில்லை. வட்டம் கூடக் கொள்ளும் என்றார். ஏன் என்று கேட்டார்கள். கணக்கு என்றார், யாருடைய கணக்கு என்றார்கள். யாரோ பின்னாலிருந்து, கணக்கப்பிள்ளையுடைய கணக்குத்தான் என்று சொல்ல, சிரிப்பும் சண்டையும் ஒன்றாகக் கிளம்பியது. நாகலிங்கம் முகம் சிவந்து எழுந்தார்.

முத்துவீரன் திரும்பிப் போய் யாகசாலையிலிருந்து மூங்கில் கட்டுகிற நீளக் கயிறு ஒன்றை எடுத்துவந்தார். முனையை முடிச்சுப் போட்டு வளையமாக்கினார். அடி லயத்துப் பெண்கள் மூன்று பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, மூன்று மூலையாக விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். உள்ளே ஆட்களை ஏற்றினார். இடித்துக்கொண்டு நின்றும் மூலையில் யாரும் நிற்க முடியவில்லை; ஒற்றைக் கால் வைக்கத்தான் இடம். முண்டியடித்துப் பார்த்து, இனி ஏலாது என்றபோது நிறுத்தினார். பிறகு அதே கயிற்றை, முடிச்சு அவிழ்க்காமல், மேட்டு லயத்து ஆட்களைச் சுற்றிலும் நின்று வட்டமாகப் பிடிக்கச் சொன்னார். உள்ளே நின்றவர்கள் தாராளமாக நின்றார்கள். இன்னும் வாங்க, இன்னும் வாங்க என்று அவரே கையைப் பிடித்து இழுத்து உள்ளே விட்டார். கடைசியாக நாகலிங்கத்தையும் விட்டார்.

"கயிறு ஒண்ணுதான்," என்றார் மூச்சு வாங்க. "நான் நீட்டல. நான் குறைக்கல. நான் யாருக்கும் ஓரவஞ்சன பாக்கல."

கருப்பாயி முக்கோணத்தில் ஒரு மூலையைப் பிடித்தவள். கயிறு அழுத்திய உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்.

"சரி, கயிறு ஒண்ணுதான். அதுல நிக்க எடமில்லாத மூலை மட்டும் ஏன் எப்பவும் எங்க லயத்துக்கு விழுது?"

இதற்கு டீச்சரிடமும் கணக்கு இருந்திருக்காது. அம்மன் சீட்டு மதினி என்று முத்துவீரன் மெதுவாகச் சொன்னார். தண்ணிக்குழாய்க்கு யார் சீட்டுப் போட்டது என்று அவள் கேட்டாள். அவளே தொடர்ந்தாள். வட்டத்துக்குச் சமமாக முக்கோணம் வர எத்தனை கல் கூட வேண்டும் என்று கேட்டாள். அவர் சொன்னார். நாகலிங்கம் உடனே, அதை மற்ற லயமெல்லாம் சேர்ந்து கொடுத்துவிடலாம், அடி லயத்துக்கு அது பாரம் என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார் என்று முத்துவீரன் இன்றைக்கும் நம்புகிறார்.

"ஒங்க கல்லு வேணாம் ஐயா," என்றாள் கருப்பாயி. "இந்தத் தோட்டத்துல எங்ககிட்ட யாரும் கூடுதலா கேட்டதே இல்ல. அம்மா கேட்டுட்டா. நாங்களே குடுப்போம்."

எங்கிருந்து கொடுப்பாய் அக்கா என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி கேட்டாள். என் கக்கூசுக்கு அடுக்கி வைத்த கல் இருக்கிறதே என்றாள் கருப்பாயி. அந்தக் கல்லையா அம்மனுக்கு என்று கேட்டவள் தன் வாயில் கை வைத்தாள். இன்னும் கட்டவில்லையே, கட்டாத வரைக்கும் கல் கல்தான் என்று கருப்பாயி சொன்னதும் முற்றமே சிரித்தது. அன்றைக்கு மத்தியானமே கல் வந்து இறங்கியது. கழுவி, மஞ்சள் தெளித்து, பொட்டு வைத்துக் கொண்டுவந்தார்கள். மற்ற லயங்களும் தங்கள் தங்கள் வடிவத்துக்கு ஏற்ற கூடுதல் கல்லைக் கொண்டுவந்தன. ஒன்றும் கொண்டுவரத் தேவையில்லாத லயம் மேட்டு லயம் ஒன்றுதான்.

எட்டுக் குண்டத்தையும் முத்துவீரன் பிரித்தார். மறுபடி கட்டினார். மதுஷா டீச்சர் சொன்ன அளவு முக்கோணத்துக்கு அப்படியே வந்தது. அரசிலை ஒரு வாளி கூடியது. தாமரை இரண்டு தரம் பிரித்தும் ஒரு வாளி குறைந்தது. குருக்கள் வந்து குனிந்து பார்த்து, போதும் என்றார். முத்துவீரனுக்குப் போதவில்லை. ஆனால் யாகத்துக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

அன்றைக்குப் பொழுதோடு அடி லயத்துப் பெண்கள் வந்து தங்கள் முக்கோணத்துக்குச் சாணம் மெழுகினார்கள். அவருடைய அண்ணன் பிள்ளைகள் தண்ணீர் சுமந்தார்கள். யாரும் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒருத்தி மட்டும் தேநீர்க் கோப்பையைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். தங்கள் லயம்தான் எல்லாரையும்விட அதிகக் கல் கொடுத்தது என்று கருப்பாயி மெழுகிக்கொண்டே மூன்று தரம் சொன்னாள். மூன்றாம் தரம் கொஞ்சம் உரக்கவே சொன்னாள்.

அந்த நேரம் பார்த்து நாகலிங்கம் வந்தார். அவருக்குப் பின்னால் மேட்டு லயத்து ஆண்கள், ஒவ்வொருவர் தலையிலும் கல். மேட்டு லயம்தான் எல்லாரையும்விடக் குறைவு என்று ஒரு பேச்சுத் தோட்டத்தில் நிற்கக் கூடாது, வட்டத்தில் இந்தக் கல்லையும் சேர்த்துக் கட்டு என்றார்.

முத்துவீரன் சாணக் கையோடு எழுந்து நின்றார். பீலியடிக்குப் போகலாம் என்று கால் ஒரு அடி வைத்தது. பிறகு போகவில்லை.

"கணக்கப்பிள்ளை ஐயா, வட்டத்துல இந்தக் கல்லச் சேத்தா வட்டம் பெரிசாகும். அப்ப மத்த எட்டையும் நான் பிரிக்கணும். பிரிச்சா முக்கோணத்துக்கு இன்னும் கல்லு வேணும். அவங்க குடுப்பாங்க. திரும்பவும் நீங்கதான் கம்மி."

நாகலிங்கம் அவரைப் பார்த்தார். அவர் நிறுத்தவில்லை.

"எத்தன தடவ கொண்டாந்தாலும் நீங்கதான் கம்மி. ஒங்களுக்கு விழுந்தது வட்டம். நான் இனி ஒரு கல்லும் வைக்க மாட்டேன்."

கணக்கப்பிள்ளைக்கு மாட்டேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. சாண வாளியின் பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தலையில் கல்லோடு நின்றவர்கள் யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் நின்றார்கள். மழைக்கு முன் வருகிற காற்று தகரத்தைத் தட்டியது. நாகலிங்கம் வட்டத்தின் ஓரத்துக்குப் போய், அதன் வெள்ளைப் படியைக் குனிந்து தொட்டுப் பார்த்தார். அதில் என்ன பார்த்தாரோ, கல்லை மடப்பள்ளிப் பக்கம் இறக்குங்கள் என்று சொல்லிவிட்டு, படியேறிப் போனார்.

முத்துவீரன் மறுபடி குந்தி உட்கார்ந்தார். தாமரையில் இன்னும் ஒரு வாளி குறைந்துதான் இருந்தது.